காது, மூக்கு, தொண்டை: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில், கிளினிக்கிலும் தியேட்டரிலுமாகப் பல வருடம் தாதியாக நின்றவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், கேள்விகள் ஓயவில்லை. மீன் சந்தையில் விளைமீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போதே, "மிஸ்ஸி, இந்தக் காதை ஒருக்காப் பாருங்கோ" என்று தலையைச் சாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிண்ணியா பஸ்ஸிலும் கேட்பார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள். சந்தை வெளிச்சத்தில் காதுக்குள் எதுவும் தெரியாது. அதனால் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது, உள்ளே போனால் என்ன நடக்கும், எதற்குக் கத்தி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

காதுக்கும் மூக்குக்கும் தொண்டைக்கும் ஏன் ஒரே டொக்டர்?

மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. பள்ளிக்கூடத்தில் ஊத்தேக்கியாவின் குழாய் என்று படித்திருப்பீர்கள். வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் நீளம். நீங்கள் எச்சில் விழுங்கும்போது அது திறந்து, செவிப்பறைக்குப் பின்னால் காற்றழுத்தத்தைச் சரிசெய்கிறது. தடிமன் பிடித்தால் காது அடைப்பது இதனால்தான். பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் மூக்கில் உள்ள கிருமி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும்.

நரம்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டொன்சில் வெட்டிய பிள்ளை "காது குத்துது" என்று அழும், காதில் ஒன்றும் இருக்காது. காது நோகிறது என்று வருபவருக்குக் காது சுத்தமாக இருந்தால் டொக்டர் உடனே வாயைத் திறக்கச் சொல்வார். பல், டொன்சில், நாக்கின் அடி, குரல்வளை என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். "காதுக்கு வந்தேன், தொண்டையைப் பார்க்கிறார்" என்று முணுமுணுக்க வேண்டாம். நாக்கின் அடியில் வரும் புற்றுநோய் சில வேளை காது நோவாகத்தான் முதலில் தலைகாட்டும்.

முதலில் எங்கே போவது?

அவசரம் இல்லையென்றால் பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து துண்டு எழுதிக் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக் நாட்களும் நம்பர் கொடுக்கும் நேரமும் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, குடிக்கும் மருந்துகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை ஒண்டு, மஞ்சள் ஒண்டு" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

மூச்சு எடுக்கக் கஷ்டம், நிற்காத இரத்தம், விழுங்கிய அல்லது மூக்கில் போட்ட பற்றரி, எச்சில் கூட விழுங்க முடியாத நிலை, காது வருத்தத்தோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, இவற்றுக்குத் துண்டும் வேண்டாம், கிளினிக் நாளும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கிளினிக்கில் என்னதான் செய்வார்கள்? நோகுமா?

பெரும்பாலும் பார்ப்பார்கள். நோகாது. காதும் மூக்கும் தொண்டையும் நம் சொந்தக் கண்ணுக்கு எட்டாத இடங்கள். எட்டாத இடத்தில் ஊகத்தில் குச்சி விடுகிறோம், எண்ணெய் விடுகிறோம், துளி விடுகிறோம். கிளினிக் முதலில் செய்வது அந்த ஊகத்தை நிறுத்துவதைத்தான்.

லைட் பூட்டிய சின்னக் குழலால் காதைப் பார்ப்பார்கள். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த குழாய் நேராகி, செவிப்பறை முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்குவது தெரியும். அப்புறம் இசைக்கவை. ஒரு செக்கனில் 512 தரம் அதிரும் இரும்புக் கவையை முழங்கையில் தட்டிக் காதுக்கு அருகே பிடிப்பார்கள், பிறகு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைப்பார்கள். எது பலமாகக் கேட்கிறது? நல்ல காதுக்குக் காற்றில்தான் பலமாகக் கேட்கும். எலும்பில் வைத்தபோது பலமாகக் கேட்டால் வழியில் அடைப்பு: குறும்பி, ஓட்டை, நீர் ஏதோ ஒன்று. இதைச் சொல்லித்தந்தவர் ரின்னே என்ற ஜேர்மன் வைத்தியர், 1855இல். இன்றைக்கும் அரை நிமிடத்தில் பாதி விடை இதில் வந்துவிடும்.

ஒரு முறை, இயந்திரப் படகில் முப்பது வருடம் இருந்த ஐயா ஒருவர் வந்தார். கவையை எலும்பில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன ஐயா, நோகுதா?" என்றேன். "இல்லைப் பிள்ளை, படகு ஸ்டார்ட் பண்ணின மாதிரி இருக்கு" என்றார். அவருடையது எஞ்சின் சத்தம் தின்ற உட்செவி. கவையிலும் ஓரளவு தெரிந்தது, சத்தம் புகாத அறையில் செய்த கேள்திறன் சோதனையில் உறுதியானது. அந்தச் சோதனையில் 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக விட்டு, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். 20 டெசிபலுக்குள் கேட்டால் நல்ல காது.

மூக்குக்கும் குரல்வளைக்கும் நூடில்ஸ் மொத்தத்தில் வளையும் கமரா ஒன்று உண்டு. மூக்கில் விறைப்பு மருந்து அடித்துவிட்டு உள்ளே விடுவார்கள். கண்ணில் கொஞ்சம் நீர் வரும், தும்மல் வரும், அவ்வளவுதான்.

பட்ஸால் காது துடைக்கலாமா?

வேண்டாம். குறும்பி அழுக்கு இல்லை, காதின் காவல்காரன். தானாக வெளியே நகர்ந்து வரும். பட்ஸ் அதை உள்ளே தள்ளி, துவக்குக்கு மருந்து கெட்டிப்பது போல இறுக்கிவிடும். சட்டைப்பின், தீக்குச்சி, பேனை மூடி எல்லாம் கண்டிருக்கிறேன். நானே பள்ளிக்கூடக் காலத்தில் கொண்டை ஊசியால் கிளறிச் செவிப்பறையில் காயம் வாங்கியவள், ஆகவே யாருக்கும் ஏசுவதில்லை.

அடைத்துவிட்டால் மூன்று முதல் ஐந்து நாள் ஒலிவ் எண்ணெயோ, சோடியம் பைகாபனேற் துளியோ விட்டு இளக்கி, பிறகு கிளினிக்கில் நீர் அடித்தோ உறிஞ்சியோ எடுப்பார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால், அல்லது முன்பு காதில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு நீர் அடிக்கக் கூடாது, எண்ணெயும் கூடாது.

கடலில் சுழியோடிய பிறகு காது அடைத்திருக்கிறது. தானாகச் சரியாகுமா?

இது எங்கள் ஊர்க் கேள்வி. சங்கும் கடலட்டையும் எடுக்கப் போகிறவர்கள், புறாமலைத் தீவுக்கு வரும் வெளியூர்ப் பிள்ளைகள், இரண்டு கூட்டமும் கேட்பார்கள்.

பத்து மீற்றர் ஆழத்தில் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் காதுக்கு அதிக இடைஞ்சல் தருவது முதல் சில மீற்றர்கள்தான், அங்கேதான் மாற்றம் வேகம். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி, அல்லது விழுங்கிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். நோவு வந்த பிறகு ஊதினால் பிந்திவிட்டது, கொஞ்சம் மேலே வந்துதான் திரும்பச் செய்ய வேண்டும். தடிமனோடு இறங்கவே கூடாது. மூக்குத் துளி விட்டுக்கொண்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். கீழே இருக்கும்போது துளியின் வேலை முடிந்துவிட்டால், மேலே ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் போகும்.

செவிப்பறை கிழிந்தால் ஒரு சுருக்கென்ற நோவு, பிறகு நோவு குறைந்து கொஞ்சம் இரத்தம், மந்தம். குளிர்ந்த கடல் நீர் உள்ளே போனால் தலை சுற்றும், நீருக்கடியில் மேல் கீழ் தெரியாமல் போகும், உயிராபத்து அதில்தான். கிழிந்த பறை அநேகமாகச் சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது காதை உலர்வாக வைப்பது மட்டும். வீட்டு எண்ணெய் எதுவும் வேண்டாம். டொக்டர் சரி என்று சொல்லும்வரை கடலில் இறங்க வேண்டாம்.

மேலே வந்த பிறகு தலைசுற்றும் வாந்தியும் ஒரு காதில் கேளாமையும் சேர்ந்து வந்தால் கதை வேறு. உட்செவி கிழிந்திருக்கலாம், அல்லது இரத்தத்தில் காற்றுக் குமிழி. அன்றைக்கே வைத்தியசாலை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை சிலிண்டர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன பிடிக்கப் போனீர்கள் என்று அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

நோவில்லாமல் வெறும் கடியும் ஈரமுமாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சணம். உப்புக் காற்றும் ஈரமும் அதற்கு நல்ல விளைநிலம். சுத்தம் செய்து துளி விட்டால் போகும், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

காதில் இருந்து வருடக்கணக்காகச் சீழ் வடிகிறது. சத்திரசிகிச்சை தேவையா?

சீழ் இரண்டு வகை. ஒன்று, தடிமனோடு வந்து போகும், நாற்றமில்லாத, நூல் போல இழுபடும் நீர். பறையின் நடுவில் ஓட்டை இருக்கும். காதை உலர்த்தித் துளி விட்டு அடக்கலாம். ஓட்டை மூடாவிட்டால் சத்திரசிகிச்சை: காதுக்கு மேலே உள்ள தசையின் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்து, உலர்த்தி, நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி ஓட்டைக்கு அடியில் விரிப்பார்கள். உலர்ந்த உறை கொப்பித் தாள் போல இருக்கும், ஈரம் பட்டதும் பறையோடு படிந்துவிடும். அந்த நிமிடத்தை எத்தனை தரம் கண்டாலும் எனக்கு அலுக்கவில்லை. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குப் பிடித்துக்கொள்ளும்.

மற்றது கொஞ்சமாக வடியும், ஆனால் நாறும். தலையணை உறையே நாறும். இதற்குள் அநேகமாகக் கொலஸ்டியடோமா இருக்கும். பெயர் கட்டி போல ஒலிக்கிறது, புற்றுநோய் இல்லை. தோல் உள்ளே மடிந்து ஒரு பையாகி, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அதன் பக்கத்தில் முகத்தை அசைக்கும் நரம்பு, கீழே சமநிலை உறுப்பு, மேலே மூளையின் உறை. மருந்தால் போகாது, இதற்குக் கத்திதான். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் துளைத்துப் பையை முழுதாக எடுப்பார்கள். முதல் நோக்கம் காதை ஆபத்தில்லாமல் ஆக்குவது, கேட்பது இரண்டாவது. இதை முன்பே விளங்கிக்கொண்டால் பிறகு மனவருத்தம் இராது.

பதினெட்டு வயதில் ஒரு பையன் முகம் கோணி வந்தான். சின்ன வயதிலிருந்தே சீழாம். உள்ளி காய்ச்சிய எண்ணெய் ஊற்றி, பஞ்சு வைத்து, "வளர வளரப் போயிடும்" என்று விட்டிருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முகம் பெருமளவு திரும்பியது, அந்தக் காது திரும்பவில்லை.

ஆபத்து உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, குறைவு: கேள்திறன் குறைதல், முக நரம்பில் பாதிப்பு, சில நாள் தலைசுற்று, நாக்கின் ஒரு பக்கம் சில மாதம் ருசி மாறுதல். கையெழுத்து வாங்கும்போது இவற்றைச் சொல்வார்கள். அவசரப்படாமல் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மூக்கைச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், சொல்லும்வரை தலைக்கு ஊற்றக் கூடாது.

பிள்ளை காதுக்குள்ளோ மூக்குக்குள்ளோ எதையோ போட்டுவிட்டது?

என்ன போட்டது என்பதுதான் முதல் கேள்வி. பட்டன் பற்றரி என்றால் ஓடுங்கள். ஈரத்தில் அது மின்னோட்டம் விட்டுச் சதையை எரிக்கும், தொண்டைக்குள் இறங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே புண்ணாக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னர், பாதைப் படகு வரும்வரை கரையில் காத்திருந்த தாய்மாரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பற்றரிக்குத் துளி விட வேண்டாம், தண்ணீர் அடிக்க வேண்டாம்.

பயறு, கடலை, புளியங்கொட்டை என்றாலும் தண்ணீர் விடாதீர்கள், ஊதிப் பெருக்கும். பூச்சி உயிரோடு இருந்தால் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இரண்டு துளி விட்டுச் சாகடிக்கலாம், பறையில் ஓட்டை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். எடுக்கும் வேலை எங்களுக்கு. முதல் முயற்சியில்தான் சுலபமாக வரும். வீட்டில் நாலு பேர் சாவணத்தால் முயன்ற பிறகு வந்தால் பிள்ளையை மயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு மூக்கில் மட்டும் நாறும் சளி வந்தால், பிள்ளை இல்லை என்று சத்தியம் பண்ணினாலும், உள்ளே ஏதோ இருக்கிறது.

கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவிக்குக் கிட்டப் போய் இருக்கிறது. குழப்படியா, செவிடா?

பல தரம் இரண்டும் இல்லை, பறைக்குப் பின்னால் பசை போல நீர். நோகாது, அதனால் பிள்ளை சொல்லாது. "கவனமில்லை" என்று ஆசிரியர் அடிக்கடி எழுதி அனுப்புவார். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றும், ஆகவே முதலில் பொறுத்துப் பார்ப்பார்கள். வற்றாமல் இரண்டு காதும் மந்தமாக இருந்தால் பறையில் சின்னக் கீறல் போட்டு, அரிசி மணியிலும் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். பெயர் குரோமெற். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தானாக வெளியே விழுந்துவிடும். வாயால் மூச்சு விட்டு, குறட்டையும் விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் உள்ள அடினோயிட் என்ற சதையையும் சேர்த்து எடுப்பதுண்டு.

குரோமெற் போட்ட பிள்ளையைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போகலாமா என்று ஒரு அம்மம்மா கேட்டார். போகலாம். வசிலீன் பூசிய பஞ்சைக் காதில் வைத்து, ஏழு கிணற்றிலும் உடம்புக்கு ஊற்றுங்கள், தலைக்கு வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குக் கேட்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும், குழந்தை நித்திரையாக இருக்கும்போதே. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி என்பது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. "அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருந்து மூன்று வயதில் கொண்டுவருவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். உட்செவிக்குள் மின்முனை வைக்கும் கொக்லியர் சத்திரசிகிச்சைக்கும் வயது கூடக் கூடப் பலன் குறையும்.

காலையில் எழும்பினேன், ஒரு காது திடீரென்று கேட்கவில்லை.

குறும்பி என்று நினைத்துக் கிழமைக்கணக்கில் இருக்காதீர்கள். நரம்புக் கேளாமையாக இருந்தால் ஸ்டீரொய்ட் மருந்தை முதல் சில நாளுக்குள் தொடங்க வேண்டும். இரண்டு கிழமை போனால் பலன் மிகவும் குறைவு. அன்றைக்கே வாருங்கள்.

படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றுகிறது. பித்தமா, பிரஷரா?

சில செக்கன் மட்டும் சுற்றி, அசையாமல் இருந்தால் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் உட்செவியில் உள்ள மிகச் சிறிய சுண்ணாம்புப் பளிங்குகள் இடம் மாறியிருக்கின்றன. டொக்டர் உங்களைக் கட்டிலில் இருத்தி, தலையைத் திருப்பி, சட்டென்று பின்னே சாய்ப்பார். கண்மணி துடிப்பதைப் பார்த்து எந்தப் பக்கம் என்று பிடிப்பார். பிறகு தலையை ஒழுங்குமுறையாக நாலு நிலைக்குத் திருப்பிப் பளிங்கைப் பழைய இடத்துக்கு உருட்டுவார். எப்லி என்ற அமெரிக்க வைத்தியரின் முறை. குளிசை இல்லை, கத்தி இல்லை, பத்து நிமிடம். பேயோட்டினது போல இருக்கிறது என்று சொல்லிப் போனவர்கள் உண்டு.

தலைசுற்றோடு நாக்குக் குழறினால், இரண்டாகத் தெரிந்தால், கைகால் சோர்ந்தால் அது காது இல்லை, மூளை. 1990.

கச்சான் காற்றுக் காலத்தில் மூக்கால் இரத்தம் வருகிறது.

வரும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும் கச்சான், உடுப்பு உலர்த்துவது போல மூக்கையும் உலர்த்தும். மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் இரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. பொருக்கு வெடித்தால் அங்கேதான் கசியும்.

தலையைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டாம், இரத்தம் வயிற்றுக்குப் போய் வாந்தியாக வரும். கதிரையில் இருந்து, முன்னுக்குக் குனிந்து, மூக்கின் எலும்பை அல்ல, கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் விட்டுப் பார்க்கக் கூடாது, எல்லோரும் அங்கேதான் பிழை விடுகிறார்கள். இரண்டு முறை செய்தும் நிற்காவிட்டால், அல்லது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் வைத்தியசாலை. அங்கே வெள்ளி நைத்திரேற்றுக் குச்சியால் சுடுவார்கள், அல்லது பஞ்சு அடைப்பார்கள், மிக அரிதாக உள்ளே உள்ள நாடியைக் கட்டுவார்கள்.

கந்தளாய்ப் பக்கம் குளத்தில் குளிக்கும் பிள்ளைக்கு ஒரு மூக்கால் மட்டும் நாள்தோறும் இரத்தம் வந்தால் மூக்குக்குள் ஏறிய அட்டையையும் நினைக்க வேண்டும். விடலைப் பையனுக்கு ஒரு பக்க அடைப்போடு அடிக்கடி கொட்டினால் அது தனி நோயாக இருக்கலாம், ஸ்கான் இல்லாமல் யாரும் கிள்ளிப் பார்க்கக் கூடாது.

பீனிசத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தால் ஒரேயடியாகப் போய்விடுமா?

முதலில் அது பீனிசமா என்று பாருங்கள். காலையில் பத்துத் தும்மல், தண்ணீர் போல மூக்கு, கண் கடி, இது ஒவ்வாமை. இதற்குக் கத்தி இல்லை, மூக்கு ஸ்பிரேதான். ஸ்பிரேயை நடுச்சுவருக்கு அடிக்காமல், வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும் வெளிப்பக்கமாகப் பார்த்து அடியுங்கள். இரண்டு கிழமை விடாமல் அடித்த பிறகுதான் "சரிவரவில்லை" என்று சொல்லலாம். பார்மசியில் வாங்கும் அடைப்பு திறக்கும் துளியை ஒரு கிழமைக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கு அடிமையாகி, துளியே அடைப்பைக் கொண்டுவரும். தலையணைக்கு அடியில் துளிப் போத்தலோடு இரண்டு வருடம் படுத்தவரைத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் கெட்டிச் சளி, அடைப்பு, மணம் தெரியாமை இருந்து மருந்துக்கும் அடங்காவிட்டால், சி.டி. ஸ்கான் எடுத்துப் பார்த்து, மூக்குத் துவாரம் வழியாகவே கமரா விட்டு, மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றுக் குழிகளின் வாசலைத் திறப்பார்கள். முகத்தில் தழும்பு இல்லை. 1970களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் காட்டிய வழி இது: குழியைச் சுரண்டாதே, வாசலைத் திற, மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும். கண்ணும் மூளையும் மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம் இருப்பதால் ஸ்கான் இல்லாமல் தொட மாட்டார்கள். திராட்சைக் குலை போலத் தொங்கும் பொலிப் என்ற சதையை எடுத்தாலும் அது திரும்ப வரக்கூடியது. ஆகவே ஒரேயடியாகப் போகுமா என்றால், இல்லை. உப்புநீரால் கழுவுவதும் ஸ்பிரேயும் தொடரும். நடுச்சுவர் வளைவு மட்டும்தான் காரணமென்றால் அதை நிமிர்த்துவது ஒரு முறை வேலை.

டொன்சில் வெட்டத்தான் வேண்டுமா?

பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். காய்ச்சலோடு விழுங்க முடியாத தொண்டை நோவு ஒரு வருடத்தில் ஏழு தரம், அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து மூன்று, இதுதான் பொதுக் கணக்கு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பார்க்காமலே எடுப்பதுண்டு. எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் படியும். அது சீழ் இல்லை, பொருக்கு. நோவு பத்து நாள் இருக்கும், நாலாம் ஐந்தாம் நாள் கூடவும் செய்யும். பனடோலை நேரத்துக்குக் கொடுத்து வழமையான சாப்பாட்டைக் கொடுங்கள். மெல்லாமல் ஐஸ்கிரீமிலேயே வைத்திருந்தால் ஆறுவது பிந்தும். சிவப்புச் சர்பத் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா சர்பத்தா என்று தெரியாது. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் துப்பலில் புது இரத்தம் கண்டால், நின்றாலும்கூட, உடனே கொண்டுவாருங்கள்.

மீன் முள் சிக்கிவிட்டது. சோற்றுருண்டை விழுங்கலாமா?

திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்கு வாழ்நாளில் ஒரு தரமாவது பதில் தேடாதவர் யார்? சூடை மீனும் கீரி மீனும் தின்கிற ஊர். சோற்றுருண்டை, வாழைப்பழம், பாண் துண்டு எதுவும் வேண்டாம். மேலே சும்மா குத்தி நின்ற முள்ளை அவை ஆழத்துக்கு அடித்து இறக்கும். பெரும்பாலான முள் டொன்சிலிலோ நாக்கின் அடியிலோதான் நிற்கும். "இந்த இடம்" என்று ஒரு விரலால் காட்ட முடிந்தால், கிளினிக்கில் நாக்கைப் பிடித்து லைட்டில் பார்த்து, சாவணத்தால் எடுத்துவிடலாம். கீழே போயிருந்தால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் மயக்கிக் குழாய் விட்டு எடுப்பார்கள். எல்லா முள்ளும் எக்ஸ்ரேயில் தெரியாது.

முள் போய்க் கீறல் மட்டும் இருந்தாலும் ஒரு நாள் உறுத்தும். மறுநாளும் அதே இடத்தில் குத்தினால் பொறுக்க வேண்டாம். காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சு நோவு சேர்ந்தால் அந்த நிமிடமே.

குரல் கம்மி ஒரு மாதமாகிறது. வெற்றிலை போடுவதாலா?

மூன்று கிழமை தாண்டினால் குரல்நாணைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 1854 வரை உயிரோடிருக்கும் மனிதரில் அதை ஒழுங்காக எவரும் பார்க்கவில்லை. மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் பல் வைத்தியரின் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். இப்போது கமராவில் நீங்களே திரையில் பார்க்கலாம்.

ஆசிரியர்கள், மீன் கூவி விற்பவர்கள், தேவாரம் பாடுபவர்களுக்கு நாணில் காய்ப்பு வரும். முதல் வைத்தியம் குரல் பயிற்சி, கத்தி பிறகு. குசுகுசுப்பது ஓய்வு ஆகாது, நாணை அது இன்னும் இறுக்கும். புகைப்பவர், வெற்றிலை போடுபவர் என்றால் புற்றுநோயை நினைத்தே பார்ப்பார்கள். குரல்நாண் புற்றுநோய் தொடக்கத்திலேயே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், அந்தக் கட்டத்தில் குரலோடு குணமாக்க முடியும். வெற்றிலைப் பழக்கத்தின் முதல் சேதம் வாய்க்குத்தான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை போடாமல் பாக்கு மட்டும் என்றாலும் தப்பில்லை என்று எண்ண வேண்டாம், பாக்கே புற்றுநோய்க் காரணி. வாயில் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். போகவில்லையென்றால், அல்லது ஆறாத புண், வெள்ளைத் திட்டு இருந்தால் வாருங்கள்.

கழுத்தில் கட்டி மூன்று கிழமைக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். அதை நேரே வெட்டிப் பார்க்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். ஊசியால் உறிஞ்சிச் சோதிப்பது முதல் படி.

சத்திரசிகிச்சை நாளுக்கு என்ன ஆயத்தம்?

ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் இல்லை. பால்தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு. அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் எடுத்தால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். நகப்பூச்சை அழியுங்கள், மூக்குத்தியை வீட்டில் கழற்றுங்கள். தியேட்டர் வாசலில் சோப்புப் போட்டு இழுத்தும் வராத மூக்குத்தியோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தாலி கழற்ற மனமில்லாத அக்காமார் அழுவார்கள். முதல் நாளே வார்டில் கேளுங்கள், மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வந்தால் ஒரு வழி பார்க்கலாம். கொடி என்றால் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பதுதான்.

காது கேட்கும் கருவியைக் கடையில் வாங்கலாமா?

சோதனை இல்லாமல் வேண்டாம். என் பெரியப்பாவுக்கு ஒரு இடத்தில் சோதிக்காமலே, "இதுதான் பவர் கூட" என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். போட்ட நாளிலிருந்து கரண்டி விழுந்தால் துள்ளினார், பேத்தி கதைத்தால் கேட்கவில்லை. பிறகு சோதித்தபோது அவருக்குத் தேவை கூடிய சத்தம் இல்லை, மேல் சுருதிகள் மட்டும் என்று தெரிந்தது. இன்னொரு காதில் குறும்பி, அதை எடுத்ததும் அந்தக் காதுக்குக் கருவியே தேவைப்படவில்லை.

கருவிக்குப் பழக ஒரு மாதமாவது வேண்டும். முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவராக. பிறகு சந்தை. கோயில் திருவிழா ஸ்பீக்கருக்குக் கிட்டப் போகும்போது கழற்றிவிடுங்கள். கடற்கரை ஈரத்துக்கு இரவில் பற்றரி மூடியைத் திறந்து, சிலிக்கா மணி போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். கழித்த பற்றரியை மேசையில் விடவேண்டாம். பேரப்பிள்ளை எடுத்து மூக்குக்குள் வைத்தால், இரண்டு பேருமாக ஒரே வாங்கில் வந்து இருப்பீர்கள்.